பம்பிங் குறைந்த இதயத்துக்கு ஆஸ்பிரின் எதற்கு?

‘இதய நோயாளி’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரையும் போட்டு அடைப்பதில்தான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. ஒருவருக்கு இதயத்தின் ரத்தக்குழாயில் அடைப்பு. இன்னொருவருக்குக் குழாய்களில் ஒரு குறையும் இல்லை, இதயத் தசைதான் தளர்ந்துபோயிருக்கிறது. பார்ப்பவர்களுக்கு இருவருமே ‘ஹார்ட் பேஷன்ட்’. முதலாமவர் தினமும் போடும் குட்டி ஆஸ்பிரின் மாத்திரை இரண்டாமவர் கண்ணில் படுகிறது. “எனக்கு மட்டும் ஏன் இதை எழுதித் தரவில்லை? டாக்டர் மறந்துவிட்டாரோ?” என்று தோன்றுகிறது. சிலர் கேட்காமலே வாங்கிப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். மலிவான மாத்திரை, நூறாண்டுக்கும் மேல் பழகிய மாத்திரை, போட்டால் என்ன கெட்டுவிடும் என்ற எண்ணம்.

டாக்டர் மறந்திருக்க வாய்ப்பு குறைவு. இதயத் தசை பலவீனமானவர்களுக்கு ஆஸ்பிரின் உதவுமா என்பது மருத்துவ உலகில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாதிடப்பட்ட கேள்வி. பதிலைப் புரிந்துகொள்ள இதயம் எப்படித் தளர்கிறது, ஆஸ்பிரின் உடலுக்குள் என்ன செய்கிறது என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுப் பிறகு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடைப்பு வேறு, தளர்ச்சி வேறு

மாரடைப்பு என்பது தமிழில் நன்றாக அமைந்துவிட்ட சொல். நோயின் காரணம் பெயரிலேயே இருக்கிறது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களுக்குக் கரோனரி தமனிகள் என்று பெயர். அவற்றில் ஒன்று திடீரென அடைபட்டால், அதை நம்பியிருக்கும் தசைப்பகுதி ரத்தமில்லாமல் சாகத் தொடங்குகிறது. அதுதான் ஹார்ட் அட்டாக்.

இதயச் செயலிழப்பு என்ற சொல் அவ்வளவு நன்றாக அமையவில்லை என்பது என் எண்ணம். கேட்டவுடன் இதயம் நின்றுவிட்டது போலத் தொனிக்கிறது. நோயாளியோ எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். உண்மையில் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உடலுக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள அதற்குச் சக்தி போதவில்லை. அதனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்பதும் இதே பயத்தைத்தான் கிளப்புகிறது.

இதைத் தண்ணீர் மோட்டாரை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. குழாயில் அடைப்பு இருக்கலாம், அல்லது மோட்டாரே வலுவிழந்திருக்கலாம். இரண்டிலும் தொட்டி காலிதான். ஆனால் குழாய் அடைப்பை நீக்கும் மருந்தை ஊற்றி மோட்டாரின் வலுவைக் கூட்ட முடியாது.

ஒரு சிக்கல், குழாய் அடைப்பே மோட்டாரைக் கெடுக்கவும் செய்யலாம். பெரிய மாரடைப்பு ஒன்று வந்து தசையின் ஒரு பகுதி வடுவாகிவிட்டால், மிச்சத் தசை அதிக வேலை பார்த்துப் பார்த்து நாளடைவில் தளர்ந்துவிடுகிறது. இதயச் செயலிழப்புக்கு மிக முக்கியமான காரணங்களில் இது ஒன்று. அடைப்பே இல்லாமலும் தசை தளரும். வைரஸ் காய்ச்சலின்போது இதயத் தசையில் ஏற்பட்ட அழற்சி, பல ஆண்டு மதுப்பழக்கம், பரம்பரைக் குறைபாடு, சில புற்றுநோய் மருந்துகள், மகப்பேற்றை ஒட்டி வரும் தசைத் தளர்ச்சி எனக் காரணங்கள் பல. எக்கோ பரிசோதனையில் எல்லாருடைய இதயமும் ஏறக்குறைய ஒரே மாதிரி விரிந்து, மந்தமாகச் சுருங்கும். வந்த வழி மட்டும் வேறு. ஆஸ்பிரின் விஷயத்தில் இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

‘பம்பிங் 30 சதவீதம்’ என்றால்

எக்கோ எடுத்துவிட்டு வருபவர்கள் சொல்லும் எண் இது. இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில் எவ்வளவு பங்கை ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளுகிறது என்பதே அந்த எண். மருத்துவர்கள் இதை வெளியேற்ற விகிதம் என்கிறார்கள். நல்ல இதயமும் முழுவதையும் தள்ளுவதில்லை. 55 முதல் 70 சதவீதம் வரை தள்ளினால் இயல்பு. ஆகவே 30 என்பது நூற்றுக்கு முப்பது மதிப்பெண் அல்ல, ஏறக்குறைய அறுபதுக்கு முப்பது. 40 அல்லது அதற்குக் கீழே இருந்தால், தசை பலவீனத்தால் வந்த இதயச் செயலிழப்பு என்று வகைப்படுத்துகிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அவர்களைப் பற்றியதே. (பம்பிங் இயல்பாக இருந்தும், இதயம் விறைத்துப்போனதால் செயலிழப்பு வருபவர்களும் உண்டு. அது தனிக்கதை.)

இதுவரை பார்த்தது: மாரடைப்பு குழாயின் பிரச்சினை, இதயச் செயலிழப்பு தசையின் பிரச்சினை. முதலாவது இரண்டாவதற்குக் காரணமாகலாம், ஆனால் எப்போதும் அப்படி இல்லை.

ஆஸ்பிரின் ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை

‘ரத்தத்தைத் தண்ணியாக்கும் மாத்திரை’ என்பார்கள். ஆஸ்பிரின் போட்டவரின் ரத்தம் போடாதவரின் ரத்தத்தைவிட நீர்த்திருக்காது. அதே அடர்த்திதான். மாறுவது ரத்தம் உறையும் தன்மை.

ரத்தத்தில் தட்டணுக்கள் என்று மிகச் சிறிய துண்டுகள் மிதக்கின்றன. பிளேட்லெட் என்றால் பலருக்கு உடனே புரியும், டெங்கு வந்தால் எண்ணிப் பார்ப்பார்களே, அவைதான். ரத்தக்குழாயில் எங்காவது கீறல் விழுந்தால் முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொள்பவை அவையே. ஒட்டிய கையோடு த்ராம்பாக்ஸேன் என்ற வேதிப்பொருளை வெளிவிட்டு, அக்கம்பக்கத்துத் தட்டணுக்களையும் ‘இங்கே வாருங்கள்’ என்று கூப்பிடுகின்றன. கூட்டம் சேர்ந்து ஓட்டையை அடைக்கிறது.

ஆஸ்பிரின் அந்தக் கூப்பிடு குரலை அடக்கிவிடுகிறது. த்ராம்பாக்ஸேனைச் செய்ய காக்ஸ் என்ற நொதி வேண்டும். (நொதி என்றால் உடலுக்குள் ஒரு வேதிமாற்றத்தைச் செய்து முடிக்கும் புரதம்.) அந்த நொதியின் வாசலில் ஆஸ்பிரின் நிரந்தரமாக ஒரு பூட்டைப் போடுகிறது. மற்ற செல்களாக இருந்தால் புது நொதியைச் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. புதிதாக எதையும் பெரிதாகச் செய்துகொள்ள அதனால் முடியாது. ஆகவே ஒருமுறை பூட்டு விழுந்தால் அதன் ஆயுள் முழுக்க, அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, குரல் அடைத்தபடியே சுற்றித் திரிய வேண்டியதுதான். ஆஸ்பிரினின் வேடிக்கை என்னவென்றால், ரத்தத்தில் அதன் அளவு அரை மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகக் குறைந்துவிடும். அதன் வேலை மட்டும் நாள்கணக்கில் நிற்கிறது. அதனால்தான் இதயத்துக்கு 75 முதல் 100 மில்லிகிராம் வரையிலான சின்ன அளவே, ஒரு நாளைக்கு ஒரு முறையே போதுமானதாக இருக்கிறது.

மாத்திரை 1899லேயே ஆஸ்பிரின் என்ற பெயரோடு சந்தைக்கு வந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் விளக்கியது 1971ல்தான். அதையொட்டிய ஆய்வுகளுக்காக 1982ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எழுபது ஆண்டுகள் காரணம் தெரியாமலே உலகம் இதை விழுங்கியிருக்கிறது.

மாரடைப்பில் ஆஸ்பிரினின் பலம் என்ன என்பதை 1988ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு காட்டியது. மாரடைப்பு வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரில் பாதிப் பேருக்கு ஒரு மாதம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஐந்து வாரங்களில் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் போலி மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 12, ஆஸ்பிரின் பிரிவில் 9க்குச் சற்று மேல். இவ்வளவு எளிய மாத்திரைக்கு இது பெரிய சாதனை. ‘இதயத்துக்கு ஆஸ்பிரின்’ என்ற நம்பிக்கை வேர்விட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே ஆஸ்பிரின் வென்றது குழாய்க்குள் நடந்த சண்டையில் என்பதைத்தான் பலர் கவனிக்கவில்லை.

இரண்டு வகை ரத்தக்கட்டி

“சரி, தளர்ந்த இதயத்திலும் ரத்தம் கட்டுமே, அதற்காவது ஆஸ்பிரின் உதவாதா?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. முதன்முதலில் மருத்துவர்களும் இப்படித்தான் யோசித்தார்கள்.

ஓடும் ஆற்றையும் தேங்கிய குட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்தால் அடித்துவரும் சுள்ளிகள் அதில் மோதிச் சிக்கிக் குவியும். குட்டையிலோ எதுவும் மோதுவதில்லை, அசைவே இல்லாததால் பாசி படர்கிறது.

கரோனரி தமனிக்குள் நடப்பது முதல் வகை. ரத்தம் வேகமாக ஓடுகிறது, சுவரில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடிக்கிறது, அந்தக் காயத்தில் தட்டணுக்கள் மோதிக் குவிகின்றன. தட்டணுவே இங்கே கதாநாயகன், அதனால் ஆஸ்பிரினுக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது.

தளர்ந்த இதயத்தின் அறைக்குள் நடப்பது இரண்டாம் வகை. சரியாகச் சுருங்காத மூலையில் ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தத்தில் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்ள, அதில் சிவப்பணுக்கள் சிக்கிக் கட்டியாகிறது. இங்கே தட்டணுவுக்குச் சின்ன வேடம்தான். இந்த வலை பின்னப்படுவதைத் தடுப்பவை வேறு மருந்துகள்: வார்ஃபரின், அபிக்ஸபான் போன்றவை. அவற்றை உறைவெதிர்ப்பு மருந்துகள் என்கிறார்கள். ஆஸ்பிரினையும் அவற்றையும் ஒரே ‘தண்ணியாக்கும் மாத்திரை’ என்று சொல்லிப் பழகியது நமக்கு வந்த வினை.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்கும் ஒன்றல்ல. இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பி அதிரும் நோய்க்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். அதிலும் மேலறையின் ஒரு மூலையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய் பக்கவாதத்தை உண்டாக்கும். வார்ஃபரின் ஒத்துவராத இத்தகைய 5,599 பேரிடம் அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட அவெர்ரோஸ் ஆய்வு 2011ல் வெளியானது. ஆண்டுக்கு நூறு பேரில் பக்கவாதமோ வேறெங்காவது ரத்தக்கட்டி போய் அடைத்ததோ ஆஸ்பிரின் பிரிவில் 3.7 பேருக்கு, அபிக்ஸபான் பிரிவில் 1.6 பேருக்கு. பெரிய ரத்தக்கசிவு இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம். தேங்கிய குட்டையில் ஆஸ்பிரினின் பலம் இவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது: ஆஸ்பிரின் தட்டணுக்களின் மருந்து. ஓடும் ரத்தத்தில், காயம்பட்ட குழாயில் அது கைகொடுக்கும். தேங்கும் ரத்தத்தில் அதன் கை ஓங்குவதில்லை. இதயத் தசையின் சுருங்கும் வலுவைக் கூட்டும் சக்தி அதற்கு எந்த அளவிலும் கிடையாது.

மாத்திரையின் மறுபக்கம்

பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பவர்களுக்காக இந்தப் பகுதி.

ஆஸ்பிரின் பூட்டும் அதே காக்ஸ் நொதிதான் உடலெங்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்களையும் செய்கிறது. இவற்றுக்கு ஆளுக்கொரு வேலை. இரைப்பையில் இவை அமிலத்திலிருந்து சுவரைக் காக்கின்றன. சிறுநீரகத்தில் ரத்தக்குழாயை விரித்துப் பிடித்து, உப்பும் நீரும் வெளியேற உதவுகின்றன.

நல்ல இதயம் உள்ளவருக்குச் சிறுநீரகத்தில் இந்த உதவி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. தளர்ந்த இதயம் உள்ளவரின் கதை வேறு. அவருடைய உடல், ரத்த ஓட்டம் குறைந்துவிட்டதே என்று பதறி, குழாய்களை இறுக்கி உப்பையும் நீரையும் தேக்கிவைக்கப் பார்க்கிறது. அந்தப் பதற்றத்துக்கு எதிராகச் சிறுநீரகத்தைத் தாங்கிப் பிடிப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள். அவற்றையும் அடக்கினால் உப்பும் நீரும் உடலில் தங்கும், கால் வீங்கும், மூச்சு முட்டும். இந்த விளைவு அளவைப் பொறுத்தது. 75 மில்லிகிராமில் மிகக் குறைவு, வலிக்குப் போடும் பெரிய அளவில் தெளிவாகத் தெரியும்.

இன்னொரு சந்தேகம் 1990களில் எழுந்தது. இதயச் செயலிழப்பில் உயிர் காக்கும் மருந்துகளில் ஏ.சி.இ. தடுப்பான் என்ற வகை முக்கியமானது. எனாலாப்ரில் அதில் ஒன்று. குழாயை இறுக்கும் ஹார்மோன் உருவாவதைத் தடுத்து இதயத்தின் பாரத்தைக் குறைப்பது இவற்றின் வேலை. இந்த மருந்துகள் தரும் பயனில் ஒரு பங்கு புரோஸ்டாகிளாண்டின்கள் வழியாகத்தான் வருகிறது. அப்படியானால் ஒரு கையால் எனாலாப்ரில் கொடுத்து, மறு கையால் ஆஸ்பிரின் கொடுத்து அதைக் கெடுக்கிறோமா? 1992ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆஸ்பிரினைச் சேர்த்துக் கொடுத்தபோது எனாலாப்ரிலின் குழாய் விரிக்கும் விளைவு குறைந்தது. பெரிய ஆய்வு ஒன்றின் பழைய தரவுகளைத் திரும்ப அலசியதிலும் இந்தச் சந்தேகம் வலுத்தது.

பிறகு 2002ல், ஆறு பெரிய ஆய்வுகளில் இருந்த 22,000க்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கும் ஏ.சி.இ. தடுப்பான் பயன் தந்தது. எடுக்காதவர்களுக்குக் கிடைத்ததைவிடப் பயன் சற்றுக் குறைவாகத் தெரிந்தாலும், அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. ஆகவே ‘இரண்டையும் சேர்த்தே எடுக்கக் கூடாது’ என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். குழாய் அடைப்பும் தசைத் தளர்ச்சியும் சேர்ந்தே உள்ள ஏராளமானோர் இரண்டையும் டாக்டர் சொல்லித்தான் எடுக்கிறார்கள்.

ரத்தக்கசிவு மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத விலை. ஆஸ்ப்ரீ என்ற ஆய்வு, இதய நோய் இல்லாத 19,114 முதியவர்களிடம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரினையும் போலி மாத்திரையையும் ஒப்பிட்டு 2018ல் முடிவை வெளியிட்டது. பெரிய ரத்தக்கசிவு ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 6.2லிருந்து 8.6ஆகக் கூடியிருந்தது. இதய நோய் வராமல் காக்கும் பயன் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேர் என்பது சின்ன எண்தான். ஆனால் அந்த இரண்டு மூன்று பேர் பதிலுக்கு எதையும் பெறவில்லை.

ஆய்வுகள் சொன்னது

இனி மையக் கேள்விக்கு வருவோம். பம்பிங் குறைந்தவர்களுக்கே ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். மூன்று ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது வாஷ், 2004ல் வெளியானது. 279 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனால் இதில் மற்றவற்றில் இல்லாத ஒரு சிறப்பு உண்டு. ஒரு பிரிவுக்கு ஆஸ்பிரின் 300 மில்லிகிராம், ஒரு பிரிவுக்கு வார்ஃபரின், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் இல்லை. மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், மருந்தில்லாத பிரிவில் 26 சதவீதம், வார்ஃபரின் பிரிவில் 26 சதவீதம், ஆஸ்பிரின் பிரிவில் 32 சதவீதம். இவ்வளவு சின்ன ஆய்வில் 26க்கும் 32க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஆஸ்பிரின் காப்பாற்றியதற்கான தடயமும் இல்லை. போதாக்குறைக்கு, இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஆஸ்பிரின் பிரிவில் அதிகம்.

இரண்டாவது வாட்ச், 2009. 1,587 பேர். ஆஸ்பிரின் 162 மில்லிகிராம், வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் என்ற இன்னொரு தட்டணு மருந்து, இம்மூன்றுக்கும் போட்டி. திட்டமிட்ட அளவுக்கு ஆள் சேராததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் கூட்டுக்கணக்கில் மூன்றும் சமம். இங்கேயும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் வார்ஃபரின் பிரிவைவிட ஆஸ்பிரின் பிரிவில் கூடுதலாக இருந்தார்கள்.

மூன்றாவதுதான் பெரியது: வார்செஃப், 2012. வெளியேற்ற விகிதம் 35 அல்லது அதற்குக் கீழே உள்ள, இதயத் தாளம் சீராக இருந்த 2,305 பேர். ஆஸ்பிரின் 325 மில்லிகிராமுக்கும் வார்ஃபரினுக்கும் நேரடிப் போட்டி. சராசரியாக மூன்றரை ஆண்டுகள் கவனித்தார்கள். பக்கவாதம், மூளைக்குள் ரத்தக்கசிவு, மரணம் மூன்றும் சேர்ந்து நூறு பேருக்கு ஆண்டுக்கு ஆஸ்பிரினில் 7.93, வார்ஃபரினில் 7.47. வித்தியாசம் இல்லை என்றே பொருள். வார்ஃபரின், ரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. பெரிய ரத்தக்கசிவை ஏறக்குறைய இரு மடங்காக்கியது. ஒரு கை கொடுத்ததை மறு கை பறித்துக்கொண்டது. முந்தைய இரண்டு ஆய்வுகளில் ஆஸ்பிரின் மேல் விழுந்த மருத்துவமனைப் பழி இந்த ஆய்வில் உறுதியாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வார்செஃப் முடிவு வந்ததும், ‘ஆஸ்பிரின் வார்ஃபரினுக்குச் சமம், ஆகவே ஆஸ்பிரின் கொடுக்கலாம்’ என்று சிலர் படித்தார்கள். இந்த வாசிப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த ஆய்வில் ‘எதுவும் கொடுக்காத’ பிரிவே கிடையாது. இரண்டு பேர் ஒரே உயரம் என்று தெரிந்தால் இருவரும் நெட்டை என்று ஆகிவிடுமா? இருவருமே குட்டையாகவும் இருக்கலாம். இரண்டு மருந்துகள் சமம் என்பதிலிருந்து இரண்டும் பயனுள்ளவை என்ற முடிவுக்குப் போக முடியாது. எதுவும் கொடுக்காத பிரிவு இருந்த வாஷ் ஆய்விலோ ஆஸ்பிரினுக்கு ஆதரவாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் அந்த எண்கள் காட்டுகின்றன. வார்செஃபில் ரத்தக்கட்டியால் பக்கவாதம் வந்தவர்கள் நூறு பேருக்கு ஆண்டுக்கு ஒருவர் அளவில். இறந்தவர்கள் ஆறு ஏழு பேர். தளர்ந்த இதயம் பெரும்பாலும் ஆளைக் கொல்வது ரத்தம் கட்டி அல்ல. தசை மேலும் தளர்ந்தும், தாளம் திடீரெனத் தப்பியுமே பலர் இறக்கிறார்கள். அந்த இரண்டிலும் ஆஸ்பிரினுக்கு வேலையே இல்லை.

இதுவரை பார்த்தது: ‘இதயத் தசை பலவீனம்’ என்ற ஒரே காரணத்துக்காக ஆஸ்பிரின் கொடுப்பதால் ஆயுள் கூடும் என்று காட்டிய ஆய்வு இல்லை. சில ஆய்வுகளில் மருத்துவமனைச் சேர்க்கை கூடியது, பெரிய ஆய்வில் அது தெரியவில்லை. ரத்தக்கசிவு அபாயம் மட்டும் நிச்சயம்.

அப்படியானால் யாருக்கு?

கரோனரி அடைப்பு இல்லாத, தசைத் தளர்ச்சி மட்டும் உள்ளவருக்குத் தேவையில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி, கரோனரி நோய் இல்லாத இதயச் செயலிழப்பில் தட்டணு மருந்துகள் பயன் தருவதற்குச் சான்று இல்லை என்றும், வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் உண்டு என்றும் சொல்கிறது.

மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் என்றால் கதை தலைகீழ். இவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்பிரினோ அதைப் போன்ற வேறு தட்டணு மருந்தோ தேவைப்படுகிறது. பம்பிங் குறைந்திருந்தாலும் அவர் அதை எடுப்பது பம்பிங்குக்காக அல்ல, குழாய்க்காக. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். குறிப்பாக ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில், இந்தக் கட்டுரை மாதிரி எதையாவது படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி உயிருக்கு ஆபத்தாகலாம். நிறுத்துவதும் தொடர்வதும் டாக்டரோடு பேசித்தான்.

இடையில் ஒரு சாரார் இருக்கிறார்கள்: பல ஆண்டுகளுக்கு முன் லேசான அடைப்பு கண்டறியப்பட்டு, ஸ்டென்ட் எதுவும் இல்லாமல், இப்போது பெரிதும் தசைத் தளர்ச்சியால் அவதிப்படுபவர்கள். இவர்களுக்கு ஆஸ்பிரின் தேவையா என்பதில் இதய நிபுணர்களுக்கிடையிலேயே கருத்து வேறுபாடு உண்டு. வயது, ரத்தசோகை, முன்பு வயிற்றுப்புண் வந்ததா என்பதையெல்லாம் எடைபோட்டு முடிவெடுக்கிறார்கள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்கும், எக்கோவில் இதய அறைக்குள் கட்டி தெரிந்தவருக்கும் வேண்டியது உறைவெதிர்ப்பு மருந்து. அதற்குப் பதிலாக ஆஸ்பிரின் போட்டுச் சமாளிக்க முடியாது.

தசையையே நோக்கும் மருந்துகள் வேறு இருக்கின்றன. ஏ.சி.இ. தடுப்பான் அல்லது அதன் இடத்தைப் பிடித்த புதிய கூட்டு மருந்து, பீட்டா தடுப்பான், ஸ்பைரோனோலாக்டோன் வகை, சர்க்கரை நோய்க்கென வந்து இதயத்துக்கும் பயன்பட்ட டாபாகிளிஃப்ளோசின் வகை. ஆயுளைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தேறிய முக்கியமான நான்கு தூண்கள் இவை. ஆஸ்பிரின் இல்லையே என்று கவலைப்படுபவர், இந்த நான்கில் எவை தனக்கு எழுதப்பட்டிருக்கின்றன, ஏதாவது விடுபட்டிருந்தால் ஏன் என்று கேட்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி.

செயற்கை பம்ப்பிலும் தேவைப்படவில்லை

இதயம் மிக மோசமாகத் தளர்ந்துவிட்ட சிலருக்கு, இடது கீழறையோடு ஒரு சிறிய பம்ப்பை இணைத்து ரத்தத்தைத் தள்ளவைக்கிறார்கள். உடலுக்குள் சுழலும் உலோகம் என்றால் ரத்தம் கட்டுமே என்று, வார்ஃபரினோடு ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். ஆஸ்பிரினுக்கு உறுதியாக வேலை இருக்கும் இடம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று யாரும் நினைப்பார்கள்.

ஏரீஸ் என்ற ஆய்வு அதையும் சோதித்தது. ஹார்ட்மேட் 3 என்ற பம்ப் பொருத்தப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆஸ்பிரின் 100 மில்லிகிராம், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. எல்லோருக்கும் வார்ஃபரின் உண்டு. 2023ல் வந்த முடிவின்படி, ஆஸ்பிரின் இல்லாதவர்களுக்கு ரத்தக்கட்டி கூடவில்லை. பெரிய ரத்தக்கசிவோ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வழக்கமாகக் கொடுத்துவந்தோம் என்பதற்காகவே கொடுத்துவந்த மாத்திரை, கணக்கு பார்த்தபோது நிற்கவில்லை.

வலி மாத்திரைகளும் இதில் சேரும்

ஆஸ்பிரினைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர்கள், மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் என்று சாதாரணமாக வாங்கிப் போடுவார்கள். இவையும் காக்ஸ் நொதியைத்தான் தடுக்கின்றன, வலிக்குப் போடும் முழு அளவில். உப்பும் நீரும் தேங்கி, சீராக இருந்த இதயச் செயலிழப்பு சில நாள்களிலேயே முற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக இவை போதும். பம்பிங் குறைந்தவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் வரிசையில் இவை முன்னால் நிற்கின்றன. மேலும், ஐபுப்ரோஃபென் காக்ஸ் நொதியின் வாயிலில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டால், பின்னால் வரும் ஆஸ்பிரினால் தன் பூட்டைப் போட முடியாது. ஸ்டென்டுக்காக ஆஸ்பிரின் எடுப்பவருக்கு அதன் காப்பும் குறையும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மருந்துச் சீட்டோடு, வலிக்கும் சளிக்கும் கடையில் தானாக வாங்கிப் போடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்பிரின் அதில் இருந்தால் “இது என் குழாய்க்காகவா, வேறெதற்காவதா?” என்று கேளுங்கள். குழாய்க்கு என்றால் தொடருங்கள். காரணம் எதுவும் எழுதப்படாமல் பழைய சீட்டிலிருந்து புதிய சீட்டுக்கு அது தானாக நகர்ந்து வந்துகொண்டிருந்தால், தொடர வேண்டுமா என்பதை டாக்டரோடு உட்கார்ந்து பேச அதுவே நேரம்.